அரசியல் பேசாத சமையலறை

அப்பாவுக்கு வணக்கம். இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் தொழிலாளர் விடுதிச் சமையலறைச் சுவரில் நடத்தை விதிகள் ஒட்டியிருக்கிறார்கள். முதல் விதியே அரசியல் பேசக் கூடாது என்பதுதான். என்னோடு சேர்ந்து சமைக்கும் வெல்டர் அண்ணன் நேற்று, “குளிக்க வெந்நீர் எப்ப வரும் சார்?” என்று கேட்டார்.

“இதான்யா அரசியல்” என்று சொல்லி, மேற்பார்வையாளர் அவரை வேறு விடுதிக்கு அனுப்பிவிட்டார். முதலாளியைப் புகழ்ந்து பேசினால் அது அரசியல் இல்லையாம்.

இப்போது பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிட்டாயா என்று விசாரித்தால்கூட, எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கிறேன்.

கவலைப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகாது. இனி ஒருவருக்கு மட்டும் சமைக்க எவ்வளவு அரிசி போடுவது என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். போனில் எலெக்ஷன் பற்றி மட்டும் பேசாதீர்கள். ஆனால் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்