கம்பியில் கோத்த கோடாலிகள்

1977 செப்ரெம்பர் 19, திங்கள்

காலை 7.20. கோடாலித் தலை 16. பிடி ஒன்றுக்கும் இல்லை.

கச்சான் காற்று இன்னும் விடவில்லை. அத்தான் வண்டி திருத்துகிற கராச் முழுக்கப் புழுதி. உதவிச் சங்கத்து லொறிக்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போனார். இறங்கக்கூட இல்லை. "மலைநாட்டிலயிருந்து வந்த சனத்தின்ரை. காடு வெட்டக் குடுத்திருக்கு, கொட்டிலுக்குத் தடி வெட்ட வேணும். மழைக்கு முன்னம் பிடி போட்டுக் குடுங்கோ." அவ்வளவுதான். கூலி சங்கம் தரும், பிடி மரத்துக்கு அத்தான் பொறுப்பு.

பதினாறையும் உடுப்புக் காயப்போடுகிற கொடிக் கம்பியில் மாலை மாதிரிக் கோத்து, இரண்டு நுனியையும் தனித்தனியே முறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு நுனியில் சிவப்புத் துணித் துண்டு. முறுக்கை அவிழ்க்கப் பொறுமை இல்லை. குறட்டால் நாலு இடத்தில் வெட்டினேன். துணி நல்ல பருத்தி, கிறீஸ் துடைக்க உதவியது.

தராசில் போட்டுப் பிரித்தேன். 2 இறாத்தல்: 5. 3 இறா.: 8. 4 இறா.: 3. மூன்று பெட்டி. பிடிக்கு மூன்று அளவு போதும். கல்லூரியில் படிப்பித்தது இதுதான்: முதலில் வகைப்படுத்து.

நிலைமை மோசம். எல்லாத் துளைக்குள்ளும் கரி. பழைய பிடியைத் தட்டிக் கழற்றப் பஞ்சிப்பட்டு நெருப்பில் போட்டு எரித்திருக்கிறார்கள். அரத்தை வைத்தால் விளிம்பு வெண்ணெய் மாதிரி. பதம் முழுக்கப் போய்விட்டது. ஒன்றின் துளைக்குள் ஈயம் வேறு. பிடி ஆடாமல் இருக்க எவனோ ஊற்றியிருக்கிறான். மடையன்.

2 இறா. ஐந்தையும் கம்பித் தூரிகைச் சில்லில் பிடித்துச் சுத்தம் செய்தேன். பளபளப்பு. மிச்சம் நாளை.

அத்தான் வந்து பார்த்தார். "டேய், ட்ரக்டர் டீசல் பம் பிரிச்சபடி கிடக்கு. நீ கோடாலிக்குப் பவுடர் பூசுறாய்."

"பதம் இல்லாத கோடாலிக்குப் பிடி போட்டு என்ன பிரயோசனம்?"

"பிடி போடத்தானே சொன்னவங்கள். பதம் கேட்டவங்களே?"

இந்த ஆளோடு கதைத்துப் பயனில்லை. அக்காவுக்காகப் பேசாமல் இருக்கிறேன்.

செப். 20, செவ்வாய்

பிடிக்கு விண்ணாங்கு மரம்தான். வளையும், முறியாது, கையைச் சுடாது. ஹனீபா நானாவின் மர மடுவத்தில் காய்ந்த கட்டை இருந்தது. வண்டி அச்சுக்கு என்று ஒதுக்கியதாம்.

"மாப்பிளை, இதக் கோடாலிக்கா கேக்கிறீங்க? பொண்ணு கேட்டாலும் யோசிச்சுத் தந்திருப்பன்."

"பெண்ணை வைச்சு விறகு கொத்தேலாது நானா."

சிரித்தார். ஆருக்கு என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை விட்டுவிட்டுத் தானே கட்டைகளைத் தூக்கி வண்டியில் வைத்தார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

மத்தியானம். ஈயத்தை எடுக்கப் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கித் துளைக்குள் வைத்தேன். ஈயம் என்றால் உடனே ஓட வேண்டும். ஓடவில்லை. அரத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளை, மென்மை, பாரம் இல்லை. அலுமினியம். உருக 660 பாகை வேண்டும். கோடாலிப் பிடி இறுக்க எவன் அலுமினியம் உருக்குவான்?

அதோடு கரி துளைக்குள் மட்டும் இல்லை. தலையின் இரண்டு பக்கமும் கருஞ்செதில். பதினாறிலும் ஒரே மாதிரி. ஒரே நாளில் ஒரே சூட்டில் வெந்தவை.

பின்னேரம் 4 மணி. ஒரு மனுசி வந்தா. நாற்பது வயது இருக்கும். பெயர் முத்தாயி. செட்டிக்குளம் றோட்டிலிருந்து உள்ளே இறங்கிப் போகிற இடத்தில் இப்போது தங்கியிருக்கிறார்களாம், அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறா.

"வணக்கமுங்க. கோடாலியைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "ஆரம்மா உதுகளை நெருப்பில போட்டது? பிடி கழட்டத் தெரியாட்டி அப்பிடியே கொண்டுவந்திருக்கலாம்தானே. பதமெல்லாம் நாசம்."

"நாங்க போடலீங்க தம்பி."

"அப்ப ஆர் போட்டது?"

"போன மாசக் கலவரத்துல தோட்டத்து லயத்தையே கொளுத்திட்டாங்க. பதினாறு காம்பரா. உள்ளாற இருந்ததுங்க."

அத்தான் ட்ரக்டருக்கு அடியில் இருந்தார். நட்டுக் கழற்றுகிற சாவியின் சத்தம் நின்றது.

நான் கையில் இருந்த தலையைக் காட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இதுக்குள்ள அலுமினியம் கிடக்கு."

வாங்கிப் பார்த்தா. விரலால் தடவினா. "அட, இது எங்களுது. அது பானைங்க. சோத்துப் பானை. பரண்ல கோடாலிக்குப் பக்கத்துல கவுத்து வச்சிருந்தேன்." கொஞ்சம் சிரித்தா. "சாம்பல்ல கெளறிக் கெளறிப் பானையைத் தேடினேன். இங்கயா இருக்கு."

660. அந்த எண்ணை மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு அறைக்குள் இருந்த சூடு. அடுப்பு இருந்த, பாய் இருந்த அறை. தண்ணீர் வேண்டுமா என்று அவவைக் கேட்டேன். குடித்தது நான்.

பிறகு அவ பெட்டிகளைப் பார்த்தா. மேசைக்கு அடியில் பார்த்தா.

"கம்பி எங்கங்க தம்பி?"

"வெட்டிப் போட்டன்."

"வெட்டிட்டீங்களா."

எரிந்த மறுநாள் சாமான் எடுக்கக் கொஞ்ச நேரம் விட்டார்களாம். மிஞ்சியது இரும்பு மட்டும். முதல் காம்பராவிலிருந்து தொடங்கி வரிசையாகப் போய், ஒவ்வொரு அறைச் சாம்பலிலும் கோடாலியை எடுத்துக் கம்பியில் கோத்திருக்கிறா. சிவப்புத் துணி கட்டியது முதலாம் காம்பராப் பக்கம். எரிந்த பிறகு எல்லாம் ஒரே கறுப்பு. வரிசை ஒன்றுதான் அடையாளம். எது யாருடையது என்று கம்பியைப் பிடித்து எண்ணினால் தெரியும்.

நான் எடையால் பிரித்து வைத்திருக்கிறேன்.

"முன்னமே ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆமாங்க. நான்தான் லொறியோட வந்திருக்கணும்."

அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏசியிருக்கலாம்.

செப். 21, புதன்

வேலை ஓடவில்லை. ட்ரக்டர் பம்மை இரண்டு தரம் பிழையாகப் பூட்டினேன். அத்தான் ஏசாமல் திரும்பக் கழற்றி வைத்தார். அது இன்னும் மோசம்.

முத்தாயி போகும்போது சொன்னது: பதினாறு குடும்பத்தில் பதினொன்றுதான் அவவோடு. ஐந்து குடும்பத்தை வவுனியா ஸ்ரேசனில் வேறு வேறு லொறியில் ஏற்றிவிட்டார்கள். 3, 6, 9, 12, 16ஆம் காம்பரா. பன்னிரண்டாம் காம்பரா இராமாயியிடம் லொறி புறப்படும்போது கத்திச் சொன்னாவாம்: "ஒன் கோடாலி எங்கிட்ட இருக்கு, குடுத்துர்றேன்." இராமாயியின் புருசன் எரிந்த அன்று இரவுக்குப் பிறகு இல்லை. அவன் பிடித்த கோடாலி.

எப்படி இல்லை என்று நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்தது இரும்பு மட்டும். அதால் ஏதும் செய்ய முடியுமா என்று தலைகளை வெயிலில் பரப்பிவைத்துப் பார்த்தேன். கருஞ்செதிலுக்கு மேல், துளை விளிம்பில், வெள்ளித் தேய்வு. மலையிலிருந்து இவ்வளவு தூரமும் லொறியில் குலுங்கி, பக்கத்துத் தலையோடு உரசிய இடம். இதன் மேல் விளிம்பில் உள்ள தேய்வு அதன் கீழ் விளிம்போடு பொருந்தும். பொருந்தினால் அவை பக்கத்துப் பக்கத்து வீடு.

பதினொன்றில் தேய்வு இருக்கிறது. தூரிகைச் சில்லில் பிடித்த ஐந்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கின்றன. நல்லாய்த்தான் சுத்தம் செய்திருக்கிறேன்.

அத்தான், முதுகுக்குப் பின்னால் நின்று: "என்னடா, கோடாலிக்குச் சாதகம் பாக்கிறியோ?"

விளங்கப்படுத்தினேன். குந்தியிருந்து கேட்டார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தந்தார். "உது பெருப்பிச்சுக் காட்டும்."

செப். 22, வியாழன்

உலை. பதம் மீண்டும் ஏற்றல். விளிம்பு மட்டும் சிவக்க, காந்தம் ஒட்டாத சூட்டில் எடுத்து, பழைய எஞ்சின் எண்ணெயில். பிறகு மெல்லச் சூடாக்கி வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்து. தேய்வு அடையாளம் அழியாமல் துளைப் பக்கத்துக்கு ஈரச் சாக்கு.

ஆறு முடிந்தது. அரம் வழுக்குகிறது. சரி.

திரும்ப நெருப்பில் போடும்போது ஒவ்வொரு தரமும் கை தயங்கியது. இடுக்கியில் கோடாலி சிவக்கும்போது பார்க்க வேண்டும், நிறம் பார்க்காமல் பதம் போட முடியாது. பார்த்தேன். முத்தாயியின் கோடாலித் தலையில் இருந்த அலுமினியத்தை எடுக்கவா விடவா? எடுக்காமல் ஆப்பு இறுகாது. பின்னேரம் அவ இரண்டு பெண்களோடு வந்தபோது கேட்டேன்.

"எடுத்துருங்க. பானையை வச்சுக்கிட்டா காடு வெட்டுறது?"

எடுத்தேன். புளியங்கொட்டை அளவு. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்தா.

செப். 23, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. தெற்கே கொஞ்சம் கருக்கல்.

பதினொரு குடும்பமும் வந்தது. ஆண், பெண், பிள்ளைகள், கராச் கொள்ளவில்லை. அக்கா அண்டாவில் தேத்தண்ணீர். பதினாறையும் வாங்குப் பலகையில் அடுக்கி, "உங்கடையை எடுங்கோ" என்றேன்.

ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவி நாலாவதில் நின்றார். "இதுதான். குதிகால்ல பள்ளம் இருக்கு பாருங்க. நானே ஆப்பு அடிச்ச பள்ளம்." ஒருவன் 3 இறா. ஒன்றைத் தூக்க, மனைவி பிடுங்கி வைத்தா.

"அது நம்மளது இல்ல. நம்மளதுல கல்லுல பட்ட பல்லு இருக்கும்."

"எப்ப பட்டுச்சு?"

"நீ வெறகு கொத்துனாத்தானே ஒனக்குத் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பிறகு வெட்கப்பட்டேன். ஏனென்று தெரியவில்லை. எரிந்துபோன வீட்டுக்காரர் என்றால் சிரிக்க மாட்டார்கள் என்று எங்கே படித்தேன்?

பதினொன்றும் எடுத்தாயிற்று. நான் சுத்தம் செய்த ஐந்தில் மூன்றையும் அவற்றின் சொந்தக்காரர் நிறுத்துப் பார்த்தும் தடவிப் பார்த்தும் எடுத்துவிட்டார்கள்.

மிச்சம் ஐந்து. இப்போது பக்கத்து வீடுகள் தெரியும், ஆகவே தேய்வைப் பொருத்தலாம். பொருத்தினேன். மூன்றாம் காம்பரா சரி. ஆறு சரி. பதினாறு தொங்கல், அதாவது கடைசி, ஒரு பக்கம் மட்டும் தேய்வு. சரி.

ஒன்பதும் பன்னிரண்டும் இல்லை. இரண்டும் 2 இறா. இரண்டும் ஒரே கம்பனி அச்சு, ஒரே தேய்மானம். இரண்டும் நான் திங்கட்கிழமை பளபளப்பாக்கியவை. ஒன்பது செல்லமுத்து என்ற ஆள். பன்னிரண்டு இராமாயி.

கண்ணாடி போட்டும் பார்த்தேன். வெயிலில் பார்த்தேன். எண்ணெய் பூசிப் பார்த்தேன். அத்தானும் பார்த்தார். ஒன்றுமில்லை.

செப். 24, சனி

காலையில் ஐந்து நிமிசத் தூறல். மண் மணந்ததோடு சரி. ஆனால் இனி அதிக நாள் இல்லை.

எல்லாத் தலைக்கும் பதம் ஏற்றியாயிற்று, பதினாலு பிடி முடிந்தது. கண்ணாடித் துண்டால் வழித்து, தேங்காயெண்ணெய் பூசி, ஆப்பு இறுக்கி. பதினொன்றை அவர்கள் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். பஸ்காரன் ஏற்றவில்லையாம். நடந்தே. மற்ற மூன்றும் ஆள் வரும்வரை முத்தாயியிடம்.

மத்தியானத்துக்குள் பாலைத்தடி வெட்டுகிற சத்தம் றோட்டு வரை கேட்டதாக ஹனீபா நானா வந்து சொன்னார். "பிடி ஒண்டும் முறியல்ல மாப்பிளை. எண்ட மரம்."

முத்தாயி மட்டும் நின்றா. வாங்கில் மிச்சம் இரண்டு தலை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. சொன்னேன்: "ரெண்டும் ஒண்டுதான் அம்மா. ஒரே எடை, ஒரே அச்சு, ஒரே பதம். எதைக் குடுத்தாலும் வெட்டும்."

"வெட்டுங்க. அப்பிடியே குடுத்துடலாம். எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவா. வேற ஆளோடதா இருந்தாக்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டா." சேலை நுனியால் இரண்டையும் துடைத்தா. ஏற்கெனவே பளபளப்பாக இருந்தவை. "அதனாலதான் தம்பி பாக்குறேன்."

அத்தான் வந்து, "பஸ் போகப் போகுது, அம்மாவை விட்டிட்டு வா" என்று சைக்கிளைத் தள்ளித் தந்தார்.

வழியில் கேட்டேன், இராமாயியை ஏற்றிய லொறி எங்கே போனது. முள்ளியவளைப் பக்கம் என்று ஸ்ரேசனில் யாரோ சொன்னதாம். என் ஊர். அம்மா அங்கேதான் இருக்கிறா. மூன்று மாதமாகப் போகவில்லை.

திங்கட்கிழமை லீவு கேட்டேன். "பம் பூட்டாமல் போனால் திரும்பி வராதை" என்றார் அத்தான். பிறகு, "பஸ் அஞ்சரைக்கு" என்றார்.

செய்ய வேண்டியது:

1. ஞாயிறு பம் பூட்டி முடி.

2. இரண்டு தலையையும் பிடி போடாமலே கொண்டுபோ. புதுப் பிடி போட்டால் பழைய கோடாலி தெரியாது. பிடி 2, ஆப்பு, சுத்தியல் தனிச் சாக்கில்.

3. முள்ளியவளையில் அம்மாவைக் கேள். வந்த சனம் எங்கே இருக்கிறது என்று அவவுக்குத் தெரியாமல் இராது. அங்கே இல்லாவிட்டால் அடுத்த ஊர்.

4. இராமாயி முன்னால் இரண்டையும் வை. எது என்று நீ சொல்லாதே. அவ எடுக்கட்டும்.

5. அவவாலும் முடியாவிட்டால், அடையாளத்தை அழித்தது நான் என்று சொல். லொறிக்காரர் சொல்லவில்லை என்று தொடங்காதே.

6. மற்றது செல்லமுத்துவுடையது. அவரையும் தேடு.

7. சிவப்புத் துணி. இரண்டு தரம் தோய்த்தும் கிறீஸ் போகவில்லை. இன்னொரு தரம்.

8. இனிமேல் மாறாமல் இருக்கப் பிடியில் பெயர் போட வேண்டும். உளியால் வெட்டு. சூட்டுக்கோல் வேண்டாம்.