ஈக்கள் சொன்ன நாள்

மதினி,

இன்று காலையில் பேத்தி பவானியின் வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பல்கலைக்கழகத்து வாசம் அதில் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் மாதிரி ஒன்று. அதற்கடியில், மழையில் ஊறி அழுகின இலை மாதிரி இன்னொன்று. வாளியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே மலையைக் காணவில்லை. மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து, "ஏ அஞ்சாப்புக்காரி, என்னத்த மோந்துக்கிட்டு இருக்கிற?" என்று நீங்கள் கேட்டது போல இருந்தது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நீங்களோ பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அதனால் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அந்த அஞ்சாப்புக்காரியின் மகன் வயிற்றுப் பேத்தி பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போனால் நான் சும்மா இருப்பேனா? கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம்கூடச் சொன்னேன்.

"என்ன பாடம் எடுக்கிறாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"பூச்சிங்களப் பத்தி. செத்த ஒடம்புல இருக்கிற ஈ, புழுவ வச்சு, அவங்க எப்ப செத்தாங்கன்னு கண்டுபிடிக்கிற படிப்பு. தடயவியல்."

அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். நம் ஊருக்குப் போகும் ஹேவாஹெட்ட பஸ் வரும்வரைக்கும் பக்கத்தில் நின்று நீங்கள் சிரித்தீர்கள். "நம்ம வீட்டுல ஈ வெரட்டவே ஆளில்ல. இவ ஈக்கு வாத்திச்சி ஆயிட்டா!"

பஸ்ஸில் ஏறின பிறகு உங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டீர்கள்: "எப்ப செத்தாங்கன்னு மெய்யாவே சொல்லுமா?"

யாரை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

முருகேசு உங்களுக்கு ஒரே பிள்ளை. புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள், கொழும்புக் கடையில் வேலை என்று, மானாப்புல் மண்டின மானாக்காட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கிப் போனான். கையில் போன் இல்லாத காலம். கடிதம் வரவில்லை. தீபாவளிக்கும் அவன் வரவில்லை. தீபாவளி முடிந்து சில நாளில், விறகுக்குப் போனவர்கள் அதே பாதைக்குக் கீழே பள்ளத்தில் அவனைக் கண்டார்கள். சவப்பெட்டியைத் திறக்க யாரும் விடவில்லை. கண்டெடுத்த நாளையே செத்த நாளாக எழுதிக் கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து பிந்தி வந்தவன் வழுக்கி விழுந்துவிட்டான் என்று லயத்தில் பேசி முடித்தார்கள்.

அந்த நாளை வைத்துத்தான் நீங்கள் வருசா வருசம் திதி கொடுத்தீர்கள். கொடுத்துவிட்டு வந்து, "தீபாவளிக்குக்கூட ஆத்தா ஞாபகம் வரல பாத்தியா அவனுக்கு" என்பீர்கள். செத்துப்போன பிள்ளையோடு அத்தனை வருசம் கோபமாக இருந்த தாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வாரமே பவானியிடம் அவன் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அவன் உடம்பிலிருந்து கழற்றிப் போலீசில் திருப்பிக் கொடுத்தது. துவைத்தால் அவன் வாசம் போய்விடும் என்று தகரப் பெட்டியில் அப்படியே வைத்திருந்தீர்கள். மடிப்புக்குள் பழுப்பு நிறத்தில் உமி போல ஏதோ ஒட்டியிருந்தது.

"மானாப்புல்லு வெத" என்றீர்கள்.

பவானி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். "இது வெத இல்ல அம்மாயி. ஈயோட கூடு. எல்லாமே தொறந்து கெடக்கு. புழு கூடு கட்டி, அதுலருந்து ஈ வெளிய வந்து பறந்து போயிருக்கு."

"அதனால?"

"ஒரு நாள், ரெண்டு நாள்ல அது நடக்காது. அதுக்கு மேல இப்ப நான் வாயத் தொறக்க மாட்டேன். என்கிட்ட படிக்கிற பிள்ளைங்ககிட்ட இதக் காட்டலாமா?"

"காட்டு தாயி. அவன கடைசியா யாருமே சரியா பாக்கல."

அடுத்த புரட்டாசியில் பவானியின் மாணவர்கள் மானாக்காட்டுக்கு வந்தார்கள். கம்பிக் கூண்டில் ஈரல் துண்டை வைத்து, அந்தக் குளிரில், அந்த மழையில் ஈ வந்து முட்டையிட்டு, புழுவாகி, கூடாகிப் பறக்க எத்தனை நாள் பிடிக்கிறது என்று முறை போட்டுப் பார்த்தார்கள். மூடுபனிக்குள் வெள்ளைக் கோட்டுகள் அசைவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் மேகமே இறங்கிவந்து புல்லுக்குள் எதையோ தேடுவது போலிருக்கும். நீங்கள் தேத்தண்ணி கொண்டுபோவீர்கள்.

"அம்மம்மா, கிட்ட வராதேங்கோ, ஈரல் அழுகி மணக்குது" என்றது ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"நான் மாட்டுப் பட்டியில பொறந்து வளந்தவ. மொதல்ல நீ மூக்க விட்டுட்டு வாயத் தொற, ஆறிப் போகுது."

"ஓம், குடிக்கிறன்."

ஈக்கள் பறந்த பிறகு பவானி நம் இரண்டு பேரையும் வகுப்புக்கு அழைத்துப் போனாள். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே பெரிய மரங்களின் இலை ஒன்றிரண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையாக வந்து, நுணுக்குக்காட்டியில் குனிந்து, முருகேசின் ஸ்வெட்டரில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது செத்த வீட்டில் வரிசையாக வந்து முகம் பார்ப்பது போலவே இருந்தது. என் பேத்தி கரும்பலகை முன்னால் நின்றாள். நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறேனோ என்று என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

"இத வச்சு என்ன சொல்லலாம்? என்ன சொல்லக்கூடாது?" என்று அவள் இங்கிலீசில் கேட்டுவிட்டு, நமக்காகத் தமிழிலும் கேட்டாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழும்பியது. "எந்த நாள் எண்டு சொல்லேலாது மிஸ். ஆனா அந்தக் குளிரில ஈ பறக்க மூண்டு கிழமைக்கு மேல பிடிச்சுது, அதால தீபாவளிக்கு முதலே எண்டு சொல்லலாம்."

நீங்கள் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். "தீவாளிக்கு முன்னாடியேவா?"

"ஆமா அம்மாயி" என்றாள் பவானி. "தீபாவளி அன்னைக்கு மாமா உயிரோட இல்ல."

ஒரு சிங்களப் பிள்ளை ஓடிவந்து கதிரையை இழுத்துப் போட்டது. நீங்கள் உட்காரவில்லை.

"அப்ப அவன் வராம இருக்கல" என்றீர்கள். "வர முடியல."

அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, வெகுதூரம் நடந்து வந்தவர் தலைச்சுமையை இறக்குவது போல ஒரு மூச்சு விட்டீர்கள், அவ்வளவுதான். பிறகு பவானியிடம் போனீர்கள். "பொறப்பட்ட அன்னைக்கே விழுந்துட்டான் போலருக்கு தாயி."

"அந்த நாள்தான்னு பூச்சி சொல்லாது அம்மாயி. அந்த நாள் இல்லன்னும் சொல்லாது."

"அது போதும். மிச்சத்த பெத்தவ சொல்றேன்."

அதற்குப் பிறகு நீங்கள் முருகேசைப் பற்றிப் பேசியதெல்லாம் சிரிப்புக் கதைதான். பக்கத்து லயத்துச் சேவலுக்குப் பயந்து அவன் கூரையில் ஏறி உட்கார்ந்தது, கோயில் பொங்கலை இரண்டு தடவை வரிசையில் நின்று வாங்கியது. இத்தனை வருசம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தீர்கள், மதினி? ஆனால் அடுத்த புரட்டாசி வர நீங்கள் இருக்கவில்லை. சித்திரை மழையோடு போய்விட்டீர்கள்.

போன வாரம் அமாவாசைக்கு மறுநாள், என் மகனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன், முருகேசுக்குத் திதி கொடுக்க. ஐயர் நெற்றியைச் சுருக்கினார். "இந்தப் பேருக்கு நீங்க தீபாவளி கழிச்சுத்தானே வருவீங்க? இன்னைக்கு வந்திருக்கீங்களே?"

"அது அவன கண்டெடுத்த நாளுங்க, சாமி. அவன் போனது இன்னைக்கு."

"யாரும்மா சொன்னா?"

"என் பேத்தி பாதி சொன்னா, அவகிட்ட படிக்கிற பிள்ளைங்களோட சேந்து. மிச்சத்த அவன பெத்தவ சொன்னாங்க."

ஐயர் தர்ப்பையை எடுத்து என் மகன் விரலில் மாட்டிவிட்டு, முருகேசின் பேரை அந்த நாளோடு சேர்த்துச் சொன்னார். நான் இருக்கும்வரைக்கும் அந்த நாள் என் பொறுப்பு, மதினி. எனக்குப் பிறகு பவானி பார்த்துக்கொள்வாள்.