முப்பத்திரண்டு பக்கம்

மார்ச் 4

எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருக்கும் கண் டாக்டர், நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைக்கு வந்து, படிக்க ஏதாவது சொல்லச் சொன்னார். வழக்கம்போல் சுரங்கத் தொழிலாளி காமிக்ஸைச் சொன்னேன். எண்ணூறு பக்கம், முழுக்கக் கறுப்பு வெள்ளை, பாதிப் பக்கங்களில் பேச்சே கிடையாது. நான் நான்கு தடவை படித்தது.

“கலர்ல வரலையா?”

கண் டாக்டரே இப்படிக் கேட்டால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 9

இன்று மனைவி கேட்டாள். “ஊருக்கெல்லாம் புத்தகம் சொல்றீங்க. எனக்கு ஒண்ணு குடுங்களேன்.” பதினோரு வருடத்தில் முதல் தடவை. சுரங்கத்தையே எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றுதான். இரண்டு நாளில் மூடி வைத்துவிடுவாள்.

மார்ச் 12

வைக்கவில்லை. பால் பொங்கி வழிகிறது, அவள் பக்கத்தைத் திருப்புகிறாள்.

மார்ச் 16

சாப்பிடும்போது கேட்டாள்: “ஏங்க, சுரங்கக்காரரோட பொண்டாட்டி என்ன ஆனாங்க? திடீர்னு காணோமே.”

“செத்துப் போயிடுவா” என்றேன். கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். 416க்கு அடுத்து மறுபடியும் 385. பைண்டிங் செய்தவன் ஒரே முப்பத்திரண்டு பக்கக் கட்டை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு, அடுத்த கட்டை விட்டிருக்கிறான். 417 முதல் 448 வரை இந்தப் புத்தகத்தில் கிடையவே கிடையாது.

“நாலு தடவை படிச்சேன்னு சொன்னீங்க?”

மறந்துபோச்சு என்றேன். அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

மார்ச் 17

வாங்கிய புதிதில் முந்நூறாம் பக்கத்தில் நிறுத்தினேன். கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் படித்தது. நான்கு தடவை என்று இந்த டைரியில்கூட எழுதிவைத்திருக்கிறேனே — இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று இங்கேயும் பீலா விட்டேன்?

இன்னொன்று. இதே பிரதியைப் பன்னிரண்டு பேர் வாங்கிப் போனார்கள். “பிரமாதம்” என்றார்கள், “தூக்கமே போச்சு” என்றார்கள். பக்கம் குறைகிறது என்று ஒரு ஆள் சொல்லவில்லை. அத்தனை பேரும் புளுகுணிகள். எனக்குத் திட்டக்கூட வாய் இல்லை.

மார்ச் 25

நூலகத்தில் நல்ல பிரதி எடுத்து முடித்துவிட்டாளாம்.

“அந்த அம்மா சாகலைங்க.”

“பின்னே?”

“கிளம்பிப் போயிடறாங்க. முப்பத்திரண்டு பக்கமும் அதான். ஒரு வார்த்தை பேசல.” பிறகு துணி மடித்துக்கொண்டே, “வேற எதெல்லாம் இப்படித் தெரியாமலே சொன்னீங்க?”

புத்தகத்தைத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 31

முந்நூற்றிரண்டாம் பக்கம். தூக்கம் வருகிறது. சே.

ஏப்ரல் 6

மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா வாசலில் நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். “உங்க வீட்டுக்காரர் நிறையப் படிப்பாராமே?”

நான் உள்ளே ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லா சொல்லுவார்” என்றாள்.