எண்ணெய்ப் பக்கம் கீழே

யூலை 8, செவ்வாய்

வெயில். காற்றில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற எனக்கும் பிள்ளைகளோடு சேர்த்து செப்டெம்பர் வரை லீவு. இன்று தொடங்கிய வேலை: பின்வளவில் பலகை அடித்த மேடை, டெக்.

ஒவ்வொரு கோடையும் இவர்தான் கழுவி, பலகைக்குள் தண்ணீர் இறங்காமல் சீலர் அடிப்பார். இந்தமுறை முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து மூன்று கிழமைதான். குசினிக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கதிரை, ஸ்டூலில் கால், முகத்தில் கடுகு வெடிக்கிறது.

“ஆளைப் பிடிச்சுச் செய்விப்பம். உது உம்மால ஏலாது.”

“பனிக்குள்ள நாப்பது பிள்ளையளை ஏத்திக்கொண்டு பஸ் ஓட்டுறன். உது ஏலாதோ?”

வாய் விட்டாச்சு. இனிச் செய்துதான் காட்ட வேண்டும். 20ஆம் தேதி மகள் அனுஜாவின் மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வருகிறார்கள். சாப்பாடு டெக்கில் என்று அவள் சொல்லியும் விட்டாள்.

செய்தது: கதிரை, பூச்சாடி எல்லாம் இறக்கியது. பலகை இடுக்குக் குப்பையைப் பழைய வெண்ணெய்க் கத்தியால் கிண்டியது. மேலெழும்பிய ஆணிகள் 31, எல்லாம் அடித்து இறக்கியது.

இடுப்பு விட்டுப்போச்சு. இவருக்குச் சொல்லவில்லை.

யூலை 9, புதன்

கிளீனர் ஊற்றி உரஞ்சல். கறுப்புத் தண்ணீர் ஓட ஓட என்ன ஒரு சந்தோஷம்!

பக்கத்து வீட்டு அன்ரன் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து: “தங்கச்சி, பிரஷர் வாஷர் தரட்டோ? பத்து நிமிசத்தில முடிஞ்சுது.”

“வேண்டாம் அண்ணை. போன வருசம் உங்கட டெக் பூனை பிறாண்டின மாதிரி வந்தது.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து இவரின் போன்: ஒன்பது தரம். “இடப்பக்கம் விட்டிட்டீர்.” “தண்ணி காணாது.” பதினைந்து அடி தூரத்துக்கு ஒரு போன்!

யூலை 11, வெள்ளி

பலகை காய்ந்துவிட்டது. சீலர் அடிக்கலாமா என்று தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எல்லா இடமும் குடித்தது. வலப்பக்க மூலையில் மட்டும் துளி துளியாக மேலே நின்றது. ஆகா, மூலை இன்னும் நல்லாயிருக்கு என்று சந்தோஷப்பட்டேன். அனுஜா டின்னை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“ஒப்போசிட் அம்மா! தண்ணி உள்ள போனாத்தான் சீலரும் உள்ள போகும். அதில சம்திங் இருக்கு.”

அந்த ‘சம்திங்’ என்னவென்று எனக்குத் தெரியும். காஸ் அடுப்பு வைக்கிற மூலை. பன்னிரண்டு வருடமாக வடை, மீன், வாழைக்காய், மிளகாய்ப் பொரியல். வீட்டுக்குள் மணக்கக்கூடாது என்று பொரிக்கிற தாச்சியை வெளியே கொண்டு போனவள் நான். வசந்தம் வந்தால் அந்த மூலையில் சீலர் உரிந்து நிற்கும். “பனி குவியிற இடம், ஈரம்” என்று இவர் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் திரும்ப அடிப்பார்.

ஈரமாம். என்னுடைய எண்ணெய்.

சொல்லவா? சொன்னால் அடுப்பு கராஜுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் களவு. வெட்கமாக இருக்கிறது. சொல்லவில்லை.

யூலை 12, சனி

சவர்க்காரம் இரண்டு தரம். சாண்ட்பேப்பர் ஐந்து தாள். மூலையில் தண்ணீர் நின்றது நின்றதுதான்.

பிறகு ஒரு யோசனை. நாலு பலகைதானே, கழற்றித் திருப்பிப் போட்டால்? அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். அனுஜா இவரை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போன நேரம் பார்த்து ட்ரில்லை எடுத்தேன். முதல்முறை. இரண்டு ஸ்குரூ அடம்பிடித்தது. நானும் பிடித்தேன்.

முதல் பலகையைத் திருப்பினேன். அடிப்பக்கமும் எண்ணெய்க் கறுப்பு. ஓரத்தில் பென்சில் எழுத்து. இவரின் எழுத்து.

‘எண்ணெய்ப் பக்கம் கீழே.’

நாலு பலகையிலும்.

அப்படியே புல்லில் குந்திவிட்டேன். எப்போதோ திருப்பிப் போட்டிருக்கிறார். மற்றப் பக்கத்தையும் நான் எண்ணெயாக்கி வைத்திருக்கிறேன். குழம்பில் உப்புக் கூடினால் மூன்று நாளைக்குச் சொல்லிக்காட்டுகிற மனுஷன், இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அழுதேன். பிறகு டேப்பை எடுத்து அளந்தேன்.

யூலை 14, திங்கள்

புழுக்கம்.

கடை. காய வைத்த பலகை 4, ஸ்குரூ ஒரு பெட்டி. அங்கேயே அளவுக்கு வெட்டித் தந்தார்கள். வரிசையில் பின்னால் நின்ற தமிழ்ப் பெடியன் தன் சிநேகிதனிடம்: “அன்ரி பூக்கண்டுக்கு ஏதோ செய்யப்போறா போல.” திரும்பி, “இல்லை ராசா, டெக்குக்கு” என்றேன். பெடியன் நிலத்தைப் பார்த்தான்.

நாலும் இருத்தியாச்சு. கால் அங்குலம்கூடப் பிசகவில்லை!

இவர் கண்ணாடிக்குள் இருந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் ஒரு தரமும் வரவில்லை.

யூலை 17, வியாழன்

மூன்று நாள் நல்ல வெயில். மூலை உட்பட எல்லாப் பலகையும் தண்ணீர் குடித்தது.

பின்னேரம் நிழல் விழுந்த பிறகு சீலர். இரண்டிரண்டு பலகையாக, இந்த நுனியில் தொடங்கி அந்த நுனி வரை, இடையில் நிற்காமல். மிஞ்சினதைத் துணியால் துடைத்தது. துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகப் பற்றுமாம், விரித்துக் காயப்போட்டது. நடுவில் அகப்படாமல் படிப் பக்கமாகப் பின்வாங்கி இறங்கினேன்.

தேன் நிறம். வடிவென்றால் அப்படியொரு வடிவு. நான் செய்தது. தனியச் செய்தது. பெருமையாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

அன்ரன் அண்ணை: “தங்கச்சி, ஆளின்ரை நம்பரைத் தாரும்.”

“ஒரு பொம்பிளை அண்ணை. இந்த வருசம் முழுக்க புக்கிங்.”

யூலை 19, சனி

காய்ந்துவிட்டது. காலையில் கதவு திறந்த சத்தம். இவர் ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் குளிசை போடுகிற தண்ணீர்க் கிளாஸ். நேரே மூலைக்குப் போனார். ஊற்றினார்.

துளி எல்லாம் உருண்டு திரண்டு நின்றது. இந்தமுறை எண்ணெயால் இல்லை, சீலரால்.

ஊன்றுகோல் நுனியால் ஒரு துளியைத் தட்டிப் பார்த்தார். “என்ரை கையால ஒருநாளும் இப்பிடி வந்ததில்லை.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோச்சு. என்றாலும் விடவில்லை.

“பலகையைத் திருப்பிப் பாத்தனான்.”

“தெரியும்.”

“ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

கிளாஸில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்தார். “சொன்னா நீர் பொரிக்கிறதை விட்டிடுவீர்.”

நாளைக்கு: நடைபாதைக் கல் 2 புல்லில் பதிக்க வேண்டும், அடுப்பு இனி அதன்மேல். மாப்பிள்ளை வீட்டாருக்கு வடை. கடலைப்பருப்பு சுண்டால் இரண்டு அளந்து ஊறப்போட்டேன்.

இவருக்கு இன்னும் ஒரு சுண்டு.