டிராயர் இடப்பக்கம்தான்

நசரத்பேட்டை
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் ராகேஷுக்கு நைனா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், மாங்காட்டு அம்மன் அந்த மட்டில் குறை வைக்கவில்லை. அடுத்தபடியாக நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதப் போனால் பேனா நகரமாட்டேன் என்கிறது. ஆகவே உன் மேசையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மேசை அநேகமாக முடிந்துவிட்டது. வேலை போன பிறகு நீ அம்மாவின் தையல் மிஷின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, டிராயர் வைத்த ஒரு கம்ப்யூட்டர் மேசை இருந்தால் இந்த வீட்டிலிருந்தே சம்பாதிப்பேன் என்று சொன்னாயே, அது என் காதிலேயே நின்றுவிட்டது. பொங்கலுக்கு நீ வரும்போது தயாராக இருக்கட்டும் என்று தொடங்கினேன். கடையில் ஒன்று வாங்கினால் என்ன என்றாள் அம்மா. கடையில் நான் பார்த்த மேசைக்கெல்லாம் டிராயர் வலப்பக்கம், இடக்கைக்காரனைப் பெற்றவன் தானே செய்துகொள்ள வேண்டியதுதான் என்றேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இத்தனை வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய எனக்கு மரம் எம்மாத்திரம் என்று நினைத்தேன், தப்பு. இரும்பு வைத்த அளவில் நிற்கும், மரம் மழைக்கு ஊதுகிறது. காலுக்கு வேங்கைச் சட்டம், மேலே பிளைவுட், மூன்று டிராயர். போன வாரம் வழுக்கிக்கொண்டு ஓடிய கீழ் டிராயர் இப்போது பாதியில் நின்று என்னை முறைக்கிறது. பக்கத்துத் தெரு வேம்புலி, பஸ் பாடி கட்டும் இடத்தில் தச்சு வேலை பார்க்கிறவன், வந்து ஓரத்தை இழைத்துக் கொடுத்தான். வந்தவன் முதலில் சிரித்தான். "இன்னா அண்ணாத்தே, டிராயரு பீச்சாங்கை பக்கம் வந்துகீது, தலகீழா மாட்டிட்டியா" என்றான். அரிசியில் அகரம் எழுதவைத்த அன்றே என் மகன் இடது விரலைத்தான் நீட்டினான், ஐயர் மாற்றி மாற்றிப் பிடித்து ஓய்ந்துபோனார் என்றேன். பீச்சாங்கையால் காசு நீட்டாதே என்று அம்மா உன்னைத் திட்டாத நாள் உண்டா. சோறு தவிர மற்றதெல்லாம் உனக்கு இடதுதான்.

உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட் பாங்காக் என்றான், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை என்றான். விமானம் இறங்கியதும் பேசியது நீதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அங்கே குடித்த காபியைக் குறை சொன்னாய். அப்புறம் பேசியது உன் குரல்தான், ஆனால் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர். முகத்தைக் காட்டு என்றால் நெட் சரியில்லை. சாப்பிட்டேன், வேலை நல்லாயிருக்கிறது, கம்பெனி நன்றாகப் பார்த்துக்கொள்கிறது, இதே பேச்சு, இதே வரிசையில். ஊறுகாய் அனுப்ப அட்ரஸ் கேட்டேன், இங்கே கூரியர் வராது என்றாய். கூரியர் வராத கம்பெனி எது என்று எனக்கு அன்றைக்கே உறுத்தியது. அம்மாவிடம் சொன்னால், எதிலும் துரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதே உங்கள் பிழைப்பு என்று அடக்கிவிட்டாள். அவள்தான் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளாயிற்றே.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை பேசினாய். நான் டிராயர் ஓடும் சேனலை முடுக்கிக்கொண்டிருந்தேன், அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேலேயே வைத்தாள். உன் அத்தை கமலத்தின் மகன் ஸ்ரீநாத்தை உடனே அனுப்பி வையுங்கள், இங்கே ஆள் எடுக்கிறார்கள், ரொம்ப நல்ல இடம் என்றாய். அவனுக்குத்தான் ஏஜென்ட் டிக்கெட்டே போட்டுவிட்டானே, வெள்ளிக்கிழமை கிளம்புகிறான் என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். நீ சட்டென்று பேச்சை மாற்றி, மேசை என்ன ஆயிற்று என்று கேட்டாய். டிராயரை இடப்பக்கமே வைத்துவிட்டேன் என்றேன். அதற்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இல்ல நைனா, சோத்தாங்கை பக்கமே மாத்திடு. எனக்கு எப்பவும் சோத்தாங்கை தானே. ஸ்ரீநாத்த கேட்டுப்பாரு, அவனுக்குத் தெரியும்." உனக்குப் பின்னால் ஒருவன் தமிழிலேயே சீக்கிரம் முடி என்றான், லைன் அறுந்துவிட்டது.

அம்மா சிரித்தாள். நான் திட்டித் திட்டி மாறாத கையை அந்த ஊர்ச் சோறு மாற்றிவிட்டது பாருங்கள் என்றாள். என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு மறுபடி முடுக்க உட்கார்ந்தேன். மறுநாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "நம்ம புள்ள அத்த வேணும்னே சொல்லிகீதுங்க" என்றாள். அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

பூந்தமல்லிக்கு, கமலத்தின் வீட்டுக்குப் போனோம். பெட்டி கட்டித் தயாராக இருந்தது, உனக்கென்று பருப்புப்பொடியும் வைத்திருந்தாள் கமலம். போகவேண்டாம் என்று சொன்னதும் ஸ்ரீநாத்துக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் பிள்ளை மட்டும் போகலாம், நான் போகக்கூடாதா மாமா என்று கேட்டான். நீ ஃபோனில் சொன்னதை அப்படியே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உன் இடது முழங்கை இடித்து இடித்து அவன் நோட்டெல்லாம் கிறுக்கலாகும், ஞாபகம் இருக்கிறதா. அதைக் கேட்டவன் சட்டைப்பையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் கமலத்தின் கையில் கொடுத்துவிட்டு, மாமா, அவன் என்னை வராதே என்றுதான் சொல்லியிருக்கிறான் என்றான். வெள்ளிக்கிழமை அவன் இல்லாமலேயே விமானம் போயிற்று.

ஆவடி கமிஷனர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். இதே போல வேறு குடும்பங்களும் வந்திருக்கின்றன, பாங்காக் என்று கூட்டிப்போய் எல்லை தாண்டி அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி வேலை வாங்குகிறார்கள், உங்கள் மகன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், பேசினால் சாதாரணமாகப் பேசுங்கள் என்றார். அதனால் என்ன பேசுவது என்று நானும் அம்மாவும் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறோம். ஸ்ரீநாத்துக்கு மஞ்சள் காமாலை, உடம்பு தேறியதும் கிளம்புவான் என்பேன். நீ சொன்னபடியே டிராயரைச் சோத்தாங்கை பக்கம் மாற்றிவிட்டேன் என்பேன். குரல் நடுங்கக்கூடாது என்று பழகுகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஃபோன் வரவில்லையடா. ஸ்ரீநாத் வராததற்கு அவர்கள் உன்னை என்ன செய்தார்களோ என்ற நினைப்பை நான் அம்மாவிடம் சொல்வதில்லை, அவளும் என்னிடம் சொல்வதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. மழை வேறு விடவில்லை, டிராயர் மறுபடியும் பிடிக்கிறது. தினமும் கொஞ்சம் இழைக்கிறேன், அதிகம் இழைத்தால் வெயில் வந்ததும் ஆடும் என்று வேம்புலி எச்சரித்திருக்கிறான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அட்ரஸ் இல்லை, ஃபோனில் அனுப்பினால் யார் படிப்பார்களோ தெரியாது. மேல் டிராயரில் வைக்கிறேன், நீயே வந்து எடுத்துக்கொள். அம்மா ஒவ்வொரு வாரமும் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு மாங்காட்டுக்குப் போய்வருகிறாள், கோயில் குங்குமமும் உள்ளே இருக்கிறது, எந்தக் கையால் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள், திட்டமாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். தெய்வம் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கொடுப்பதைச் சாப்பிடு, எதிர்த்துப் பேசாதே, உயிரை வைத்துக்கொள், மற்றதையெல்லாம் இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஃபோனில் நான் என்ன சொன்னாலும் நம்பாதே, நீ சொன்னதை நான் நம்பாத மாதிரி. டிராயர் இடப்பக்கம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நைனா
வரதன்