காலி யார்டில் எடுத்த பதிவு

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆறு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஏழாவது முறை அடிப்பதைவிடக் காகிதத்தில் உன்னைத் திட்டுவது எனக்குச் சுலபம்.

உன் அத்தானின் வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்துவிட்டன. அவருடைய ரிமோட் அனுப்புவதைக் கிரேனில் வாங்கும் ரிசீவருக்குள் இருப்பது உங்கள் கம்பெனி சிப்தான். செவ்வாய்க்கிழமை துறைமுக யார்டில் இரண்டு கன்டெய்னர் வரிசைகளுக்கு நடுவே நின்று 'நிறுத்து' பட்டனை அழுத்தியிருக்கிறார். கிரேன் முக்கால் நொடி கழித்து நின்றது. அதற்குள் தொங்கிக்கொண்டிருந்த பெட்டி, அவர் பிடித்திருந்த கம்பியில் வந்து இடித்துவிட்டது.

பட்டனை அழுத்தியதே தாமதம் என்று விசாரணைக் குழு முதல் அறிக்கையில் எழுதிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்த்தவர். இருபத்தொன்றாம் தேதி இறுதி விசாரணை, அதில் லைசென்ஸைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். "என் கை அவ்வளவு மெதுவா ஆயிடுச்சா?" என்று நேற்று என்னிடம் கேட்டார்.

ஒன்றே ஒன்று சொல். அந்தச் சிப் தேடுவதற்கு எத்தனை கிளைகள் வைத்தாய்?

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் கையை நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை. நீ நம்பமாட்டாய்.

நான்கு கிளைகள் வைத்தேன். குழு கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: ரிமோட்டின் நான்கு ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. கிரேனில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்து விழுகிறது. ஒவ்வொன்றும் பதினாறு விதமாக இருக்கலாம் என்பதால், சேர்த்துப் பார்த்தால் அறுபத்தையாயிரத்துச் சொச்சம். அத்தனையையும் சோதிக்க எந்தச் சிப்புக்கும் நேரம் கிடையாது. அதனால் ஒவ்வொரு ஆன்டெனாவாக முடிவு செய்கிறோம். ஒவ்வொரு படியிலும் சரியாக இருக்கக்கூடிய சில கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுகிறோம். எந்த ஆன்டெனாவிலிருந்து தொடங்குவது என்ற வரிசை, துறைமுக ரேடியோ பிரிவில் இருக்கும் நீ கண்டுபிடித்தது, அதை நான் என்றும் மறைத்ததில்லை.

நீ பதினாறு கிளை சொன்னாய். பதினாறு வைத்தால் சிப் கொதிக்கிறது, ரிசீவரின் பேட்டரி ஒரு ஷிஃப்ட்கூடத் தாங்குவதில்லை. நான்கு வைத்தேன், எல்லாச் சோதனையிலும் தேறியது. அறிக்கை இணைத்திருக்கிறேன், நீயே பார்.

இதைப் பெரிதாக்காதே அக்கா. எங்கள் கிடங்கில் அத்தானுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று பேசி வைத்திருக்கிறேன். நல்ல வேலை.

என்றும் உன்
தம்பி


மார்ச் 12

தம்பி,

உட்கார்ந்து பார்க்கிற வேலையை நீயே வைத்துக்கொள். கையை ஒடித்துவிட்டு நாற்காலி தருகிறாயா?

அறிக்கையைப் பார்த்தேன், கடைசிப் பக்கம்வரை. யார்டில் சிக்னலைப் பதிவு செய்ய நாம் இரண்டு பேரும் ஆன்டெனா வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் விடுமுறை, யார்டு காலி. இரண்டாம் நாள் கன்டெய்னர்களுக்கு நடுவே, மழையில். நீ நனைந்துகொண்டு குடையைக் கருவிக்குப் பிடித்தாய். துறைமுகத்துக்குச் சொந்தமான அந்த இரண்டு பதிவுகளையும் உன்னை நம்பித்தான் கொடுத்தேன். நீ சோதித்தது முழுக்கக் காலி யார்டில் எடுத்ததை வைத்து. மற்றதற்குப் பொடி எழுத்தில் ஒரு வரி: "பதிவு 2, இரைச்சல் அதிகம், பயன்படுத்தவில்லை." என் காதில் பூ சுற்றாதே. அதில் இருந்தது இரைச்சல் இல்லை, இரும்பு. இரும்பில் பட்டுத் திரும்பினால் நான்கு சிக்னலும் ஒன்றுபோலவே ஆகிவிடும். அப்போது முதல் படியிலேயே சரியான கிளையை வெட்டிவிட்டால் பிறகு எங்கே தேடினாலும் அது கிடைக்காது. இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓரத்தில் ஒதுக்கினாய்.

உன் நான்கு கிளையை இரண்டாம் பதிவில் நான் ஓட்டிப் பார்த்தேன். 'நிறுத்து' ஆயிரம் முறை அனுப்பினால் நாற்பத்தொரு முறை கிரேனுக்குப் புரியவில்லை; ரிமோட் மறுபடி அனுப்பிப் புரியவைப்பதற்குள் முக்கால் நொடி போய்விடுகிறது. பதினாறு கிளையில் ஒன்றுகூடத் தவறவில்லை. எப்போதும் பதினாறு வைக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. சிக்னல்கள் ஒன்றுபோல ஆகும்போது மட்டும் பதினாறு, மற்ற நேரம் நான்கு போதும் என்றேன். பேட்டரி தாங்கியிருக்கும். "ஒரு வாரம் ஆகும், அடுத்த சிப்பில பாத்துக்கலாம்" என்றாய். ஒரு வாரம்தானே தம்பி.

இதெல்லாம் அத்தானிடம் சொன்னேன். "அவன விட்டுடு, சின்னப் பையன்" என்கிறார். உனக்கு முப்பத்தெட்டு வயது. அவர் பெருந்தன்மையைக் கேட்டால் எனக்கு இன்னும்தான் ஆத்திரம் வருகிறது.

இரண்டு பதிவுகளையும் குழுவிடம் கொடுக்கிறேன். அனுமதி இல்லாமல் உனக்குக் கொடுத்ததற்கு என் வேலைக்கு வருவது வரட்டும். அவற்றோடு கொடுக்கும் படிவத்தில் 'சோதனைப் பதிவைத் தேர்ந்தெடுத்தவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதை நிரப்பவில்லை. இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வா. உன் பெயரை நீயே எழுது. நீயாக வந்து எழுதினால், அது எத்தனை பெரிய தப்பாக இருந்தாலும் நீ என் தம்பிதான். பதினொரு மணிவரை பார்ப்பேன்.

அக்கா


மார்ச் 21

ஐயா,

விசாரணையில் பெயர் குறிப்பிடப்பட்டவருக்குப் படிவத்தின் நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. இணைத்திருக்கிறேன்.

கிரேன் இயக்குநர் மீது தவறில்லை என்று குழு இன்று முடிவு செய்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை இடது கையால் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகும் எழுந்து வர மனமில்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிராஃபிக்ல மாட்டியிருப்பான், இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கலாம்" என்றார்.

பதினொன்று ஐந்துக்கு அந்தப் பெயரை நானே எழுதினேன்.

இப்படிக்கு,
பொறியாளர், ரேடியோ பிரிவு