மூக்கனுக்கு வாசம் தெரியாது

2024 மார்ச் 4, திங்கள்

தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் எங்கள் பிள்ளை மடுவத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது. விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிப் பால் காய்ச்சி முடிப்பதற்குள் என் கண்ணும் மூக்கும் ஒழுகியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். தெமோதரையில் றில்வான் நானாவின் கேஸ் கடைக்குப் போனால், "லொறி இன்னம் வரல்ல, வியாழக்கெழம பாருங்க" என்கிறார். போன மாதமும் இதே வியாழக்கிழமைதான்.

புதுச் சிலிண்டர் வந்தால் நான் முதலில் குனிந்து மோந்து பார்ப்பேன். பிறகு குழாய் முழுக்கச் சவர்க்கார நுரை பூசி, குமிழி விடுகிறதா என்று பார்ப்பேன். என்னோடு மடுவத்தில் வேலை செய்யும் பாக்கியலெட்சுமி அக்கா, "ஏன்டி கலா, சிலிண்டருக்குத் தலைக்கு ஊத்துறியா?" என்று கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும். பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தபோது எங்கள் குசினியில் நடந்தது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

மார்ச் 5

சரி, எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது நெஞ்சு அடங்குகிறதா பார்ப்போம்.

அன்றைக்கு அடுப்புத் திருகு சரியாக மூடியிருக்கவில்லை. வெளியே தண்ணீர்ப் பீலியில் சட்டி கழுவிவிட்டு வந்து உள்ளே காலை வைக்கிறேன், வீடு முழுக்கக் கேஸ் வாசம். அதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு, சாமி விளக்கு ஏற்ற நெருப்புப்பெட்டியைத் திறக்கிறார். பாய்ந்து தட்டிவிட்டேன். குச்சியெல்லாம் சிதறியது. "என்னாடி, பைத்தியமா?" என்றார். உண்மையாகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதலில் சளி என்றார். மறுநாள் அவர் பக்கத்தில் இருக்கும்போதே சட்டியில் கருவாடு கரியாய்ப் போனது. மனுஷன் அசையாமல் பேப்பர் படிக்கிறார். அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார். கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து வாசமே தெரியாதாம்.

வேறு யாராவது என்றால் இதில் என்ன வெட்கம். புவனேந்திரன் என்று கேட்டால் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது, மூக்கன் என்றால்தான் தெரியும். தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில் ட்ரையர் பக்கம் நின்ற காலத்தில், தூள் தீயப் போகிறது என்று வாசலில் நின்றே சொல்வார். அந்தப் பேரோடுதான் வெளிநாடு போனார். போன இடம் கேஸ் பிளான்ட்.

மார்ச் 10, ஞாயிறு

லீவு முடிந்து திரும்பிப் போனவர் பின்னேரம் அங்கிருந்து போன் எடுத்தார். இன்றைக்கு விடாமல் கேட்டேன். என்ன வேலை, எங்கே நிற்கிறீர்கள், பக்கத்தில் யார்?

பூமிக்கடியிலிருந்து வரும் கேஸைச் சுத்தம் பண்ணி, பெரிய குழாயில் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கரண்ட் முழுக்க அதை நம்பித்தான். சுத்தம் பண்ணுவதற்கு முன்னால் அந்தக் கேஸில் ஒரு விஷம் கலந்திருக்குமாம். கொஞ்சமாகக் கசிந்தால் அழுகிய முட்டை வாசம் வரும். கூடிப்போனால் மூக்கு செத்துவிடும், வாசமே தெரியாது, ஆள் விழவேண்டியதுதான். அப்படியென்றால் அந்த முதல் வாசம் வரும்போதே ஓடிவிட வேண்டும். இவருக்கு அந்த முதல் வாசம்தான் இல்லை.

"சட்டையில மீட்டரு மாட்டியிருக்கேன் கலா. அது கத்தும். மூக்கு எதுக்கு?"

"மெடிக்கல்ல கேக்கலியா?"

"கேட்டான். நல்லா தெரியும்னேன். மோந்து பாருன்னு எதையும் நீட்டல."

பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணியதாக அவருக்கு நினைப்பு.

மார்ச் 11

மீட்டர் கத்தும். மீட்டர் கத்தும். மீட்டர் கத்தும்.

மார்ச் 24, ஞாயிறு

அந்த நாட்டில் சட்டத்தை மாற்றியிருக்கிறார்களாம். அரசாங்கம் மட்டும் பார்த்த கேஸ் வேலையைப் பிரித்துப் புதுக் கம்பனி ஒன்றிடம் கொடுத்தாயிற்று. பக்கத்து நாட்டுக்கு இன்னும் கூட அனுப்புகிறேன் என்று அந்தக் கம்பனி ஒப்பந்தம் போட்டுவிட்டது. "சீர்திருத்தம்னு பேரு" என்று அவர் சிரித்தார். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் கரண்ட் பில் ஏறும். அங்கே ஆள் குறைக்கிறார்கள்.

பழைய மீட்டர்களைச் சரிபார்க்க அனுப்பினார்களாம், திரும்பி வரவில்லையாம். அதுவரைக்கும் இரண்டு பேருக்கு ஒரு மீட்டர்.

"இன்னைக்கு அது ஒங்க சட்டையிலயா, மத்தவன் சட்டையிலயா?"

"நாள் மாத்தி நாள்" என்றார், குளிக்கும் முறையைச் சொல்வதுபோல.

போனை வைத்த பிறகு எந்த நாள் யாருடைய முறை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. எங்கள் மகள் மதுஷா தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றிப் போனுக்கு முன்னால் நீட்டினாள். "அப்பா, மோந்து பாருங்க." அவரும் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, "ஆகா, கமகமன்னு இருக்கே" என்றார். பிள்ளை குதித்தாள்.

இவ்வளவு லேசாகப் பொய் வருகிறதே இந்த மனுஷனுக்கு. அங்கேயும் இப்படித்தான் சொல்வாரோ? வாசம் வருதா என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்று தைரியமாகச் சொல்லிவிட்டு நிற்பாரோ?

ஏப்ரல் 20, சனி

பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன், நஸ்மியா அக்கா வீட்டுக்கு. அவருடைய வீட்டுக்காரர் ஸமீம் நானாதான் இவருக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர். அங்கே இவருடைய செட்டுக்குத் தலைவர். கம்பனிக்குத் தெரியாமல், இவருக்கும் தெரியாமல், ஒரு ஆள் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்துத்தான் போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது. நஸ்மியா அக்கா தேங்காய்ப்பால் வட்டிலப்பத்தை வைத்துவிட்டு, என்னை வைத்துக்கொண்டே நானாவுக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது லேசான வெசயமில்ல தங்கச்சி. சரி, அவர எனக்குப் பக்கத்துலயே வெச்சிக்கிறன். நான் மோந்தா ரெண்டு பேருக்கும் போதும். அவருக்குத் தெரிய வேணாம்."

"சாப்புடுங்க" என்று நஸ்மியா அக்கா தட்டைத் தள்ளினார். ஒரு கரண்டிதான் இறங்கியது.

மே 6

நேற்று நன்றாகத் தூங்கினேன். "ஸமீமுக்கு என்னமோ புடிச்சிருச்சு, கக்கூசுக்குப் போனாலும் கூடவே வாறாரு" என்று அவர் குறைப்பட்டார். பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

மே 26, ஞாயிறு

ஸமீம் நானாவே போன் எடுத்தார். குரலைக் கேட்டதும், "அவருக்கு என்னா?" என்று கத்திவிட்டேன்.

"ஒன்டும் நடக்கல்ல, பயப்படாதீங்க. வருஷா வருஷம் பிளான்ட நிப்பாட்டி வால்வெல்லாம் கழட்டிப் பாக்குறது. இந்த முறை நிப்பாட்ட ஏலாவாம். அந்தப் பக்கம் வெயில் கூடி, ஏசி போட கேஸ் பத்தல்லன்டு கத்துறாங்களாம். ஆளயும் கொறச்சி ஷிப்டயும் பிரிச்சிட்டாங்க. இனி நான் பகல், அவரு ராவு. வால்வ் பாக்கத் தனியத்தான் போகணும்."

அப்படியென்றால் அவருக்காக யார் மோந்து பார்ப்பது என்று கேட்டேன்.

"எனக்கு இனிப் பொறுப்பெடுக்க ஏலா தங்கச்சி. மேல சொல்லத்தான் வேணும். ஆனா நீங்க வேணான்டா நான் வாய தொறக்க மாட்டன். யோசிச்சிச் சொல்லுங்க."

யோசிக்கணுமாம்.

மே 27

சொன்னால் வேலை போகும். தோட்டத்து லயத்து அறையை விட்டுப் போகலாம் என்று எழுப்பிய வீட்டுச் சுவர் கூரையில்லாமல் மழையில் நிற்கிறது. மதுஷாவைப் பதுளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். அதெல்லாம்கூடக் கிடக்கட்டும். மூக்கனுக்கு மூக்கில்லை என்று ஊரே சொல்லும். என் பெண்டாட்டியே என்னைக் காட்டிக் கொடுத்தாள் என்று கட்டையில் போகும்வரைக்கும் சொல்வார்.

சொல்லாட்டி? சொல்லாட்டி என்னா ஆகும்? ஒரு நாளு காலையில போன் அடிக்கும். நான் எடுப்பேன். ஸமீம் நானா அழுவாரு. அவ்வளவுதானே. ஐயோ மாரியாத்தா, இத ஏன் என் தலையில கட்டுன.

மே 28

இன்று மடுவத்தில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை நான் பார்க்கவேயில்லை. சவர்க்காரம் பூசிச் சோதிக்கிற மகராணி, அடுப்புப் பக்கத்திலேயே எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டில் பக்கமிருந்த பாக்கியலெட்சுமி அக்காதான் வாசம் பிடித்து ஓடிவந்து மூடினாள். "எங்கடி மேயப் போயிருக்கு ஒன் புத்தி?" என்று கத்தினாள். கதவு ஜன்னலெல்லாம் திறந்து பிள்ளைகளை வெளியே இறக்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்காவுக்கு வாசம் தெரிந்தது. நாங்கள் பிழைத்தோம். இருட்டில் தனியாக வால்வ் பார்க்கப் போகிற மனுஷனுக்கு எந்த அக்கா இருக்கிறாள்?

அங்கேயே புல்லில் உட்கார்ந்து ஸமீம் நானாவுக்குப் போன் எடுத்தேன். "சொல்லிருங்க நானா. நான்தான் சொல்லச் சொன்னேன்னும் சொல்லிருங்க."

ஜூன் 1

"நீயா சொன்ன?"

"ஆமாங்க."

போனை வைத்துவிட்டார்.

ஜூன் 20, வியாழன்

வந்துவிட்டார். ஆள் குறைத்தபோது அவர் பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். மதுஷாவுக்குப் பை நிறையச் சொக்லேட். எனக்கு ஒரு பார்வைகூட இல்லை. கோயிலடியில் நிற்கிறவர்கள், "என்னா மூக்கா, லீவா?" என்று கேட்கிறார்கள். "ஆமா, லீவு" என்கிறார்.

ஜூலை 7

"மதுஷா, அம்மாகிட்ட தண்ணி கேளு." அம்மா இரண்டு முழம் தள்ளித்தான் இருக்கிறாள்.

கோபமாக இருக்கட்டும். ஆள் கண் முன்னால் இருக்கிறார், அது போதும் என்றுதான் மனதைத் தேற்றுகிறேன். ஆனாலும் போன் அடித்தால் இன்னும் பதறுகிறது. மனுஷன் திரும்பி வந்துவிட்டார், என் பயம் மட்டும் அங்கேயே வேலையில் நிற்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

நஸ்மியா அக்கா போனில் அழுகிறார். பிளான்டில் கேஸ் கசிந்ததாம். ஸமீம் நானாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். வேறொன்றும் தெரியாதாம். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "நஸ்மியா, ஸமீம் பேசுனானா? யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அங்கே தெரிந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை.

மாரியாத்தா... இல்லை, நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. என் ஆளைக் காப்பாற்று என்று கேட்டேன், கேட்டது கிடைத்தது. இனி எந்த முகத்தோடு இன்னொன்று கேட்பது?

ஜூலை 25

ஸமீம் நானா பேசினார். உயிரோடு இருக்கிறார். கண்தான் எரிந்து வீங்கியிருக்கிறதாம், நாளைக்கு விடுவார்களாம்.

எனக்கும் கேட்கட்டும் என்று என் வீட்டுக்காரர் போனைச் சத்தமாகப் போட்டார். ஷிப்ட் மாறும் நேரம். இரண்டு செட்டு ஆட்களும் வாசலில். கழற்றிப் பார்க்காமல் விட்ட வால்வுகளில் ஒன்று கசிந்திருக்கிறது. இவர் இடத்துக்கு மாற்றிப் போட்ட நேபாளத்து ஆள் அதைப் பார்க்கப் போயிருக்கிறான். அன்றைக்கு மீட்டர் மற்றவனுடைய முறை.

"முட்ட வாசம்னு கத்திக்கிட்டே ஓடி வந்தான் மச்சான். அவன் கத்துனதாலதான் நாங்க காத்து வார பக்கமாத் திரும்பி ஓடுனோம். நான் கடைசி ஆளு, அதான் கண்ணு. அவனுக்கு வாசம் தெரியல்லன்டா, அவ்வளவு பேரும் முடிஞ்சம்."

இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பீலியடிக்குப் போனார். தண்ணீரைத் திறக்கவும் இல்லை, முகம் கழுவவும் இல்லை. அப்படியே நின்றார். நான் போகவில்லை. போயிருந்தால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மடுவத்துக்குப் புதுச் சிலிண்டர் வந்தது. றில்வான் நானாவின் லொறி ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. யார் தூக்குவது என்று நாங்கள் நிற்கும்போது, என் வீட்டுக்காரர் வந்து தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். நான் கூப்பிடவில்லை. பிள்ளைகளை விடவந்த தாய்மார் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

ரெகுலேட்டரை மாட்டினார். பாக்கியலெட்சுமி அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள்: "கலா, இன்னைக்கு ஒன் சவுக்காரத்த மூட்டகட்டி வையி. மூக்கனே வந்திருக்கான். டேய் தம்பி, மோந்து பாத்து நீயே பத்த வையி."

எல்லாரும் சிரித்தார்கள். ஆமா என்று சொல்லிவிடுவாரோ? சும்மா குனிந்து மோந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாரோ?

"எனக்கு வாசம் தெரியாதுக்கா" என்றார். "கொரோனாவோட போயிருச்சு. கலா பாக்கட்டும்."

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு தாய் மற்றவள் முகத்தைப் பார்த்தாள். அவர் நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வாசம் வருதா?"

அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, அந்த "நீயா சொன்ன"வுக்குப் பிறகு.

குனிந்து மோந்தேன். சவர்க்கார நுரையும் பூசினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. குழாயின் கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் குச்சியைக் கிழித்தார்.